சிஸ்டர் பதில்கள்: இருட்டிலும் கை போகிற அலமாரி

ஐப்பசி பிறக்கப் போகிறது. மழையும் புயலும் பட்டாசும் சேர்ந்து வருகிற மாதம். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பெரிய விபத்தோ வெள்ளமோ வந்தால் குழந்தைகள் ஆஸ்பத்திரி தாங்குமா? நான் 34 வருஷம் நர்ஸாக இருந்தேன். அதில் 19 வருஷம் குழந்தைகள் கேஷுவாலிட்டியில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி வேன் ஒன்று வாய்க்காலில் சரிந்துவிட்டது. கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில், நெற்றியில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணிடம் ஒரு துணியைக் கொடுத்து, "அழுத்திப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அந்தப் பெண் கதறி அழுதாள். அவளுடைய அப்பா சண்டைக்கே போய்விட்டார். இது முறையா, சிஸ்டர்?
— ஒரு ஆசிரியை, கும்பகோணம் பக்கம்

அந்த அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது, டீச்சர். ஆனால் அந்த நர்ஸ் செய்தது சரிதான். கதறி அழுகிற குழந்தைக்கு மூச்சு நன்றாகப் போகிறது, நினைவு இருக்கிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேரைக் கொண்டுவந்து இறக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது சத்தம் போடாத பிள்ளையை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வேன் விபத்து. 11 பிள்ளைகள் வந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் ஐந்து வயது இருக்கும் ஒரு பையன், கழுத்தில் மாட்டிய தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் கிடையாது. "எங்கடா வலிக்குது?" என்றால் பதில் இல்லை. கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டேன். ரெண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு, நாலைந்து விநாடி ஆகியும் வரவில்லை. உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 மில்லி ரத்தம்தான். 16 கிலோப் பையனிடம் மொத்தமே ஒன்றேகால் லிட்டர் சொச்சம். பெரியவர்களுக்கு ரத்தம் போனால் பிரஷர் முன்கூட்டியே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். குழந்தைகளுக்குக் கடைசி வரை தாக்குப்பிடிக்கும், அப்புறம் சட்டென்று விழும். விழுந்த பிறகு மீட்பது ரொம்பக் கஷ்டம். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் அந்தப் பாட்டிலை விடவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதைத்தான் டிரையாஜ் என்கிறோம். சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். பெரியவர்களுக்கான கணக்கை அப்படியே குழந்தைகளுக்குப் போட்டால் தப்பாகிவிடும் என்று, அமெரிக்காவில் மயாமி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டர் லூ ரோமிக் 1995-இல் 'ஜம்ப்ஸ்டார்ட்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். பெரிய விபத்துக் களத்தில், பெரியவர் ஒருவருக்கு வாயைத் திறந்து தலையைச் சரியாக வைத்தும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்புச் சீட்டு, அதாவது இனி மீட்க முடியாது என்று அர்த்தம், அடுத்த ஆளைப் பார்க்கப் போக வேண்டும். குழந்தைக்கு அப்படி இல்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு முதலில் நிற்கும், இதயம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நாடி இருந்தால் ஐந்து மூச்சு ஊதிப் பார்க்கச் சொல்கிறது அந்த முறை. அந்த ஐந்து மூச்சில் திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு. அவ்வளவு சின்ன வித்தியாசம், டீச்சர், ஆனால் அதைத் தெரிந்த ஒரு ஆள் அந்த வாசலில் நிற்க வேண்டும்.

ஒன்று மட்டும் அந்த ஆஸ்பத்திரியிடம் நீங்கள் கேட்டிருக்கலாம். துணியைக் கொடுத்துவிட்டுப் போன நர்ஸோ வேறு ஒருவரோ கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்களா? பச்சை என்று உட்கார வைத்த பிள்ளை அரை மணியில் மஞ்சளாக, சிவப்பாக மாறும். திரும்பிப் பார்க்காத டிரையாஜ் பாதி டிரையாஜ்தான்.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 2004 ஜூலை 16 நினைவுக்கு வராமல் இருக்காது. 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த ஊர். அந்த ஊர் டீச்சர் என்பதால் ஒரு உதவி கேட்கிறேன். தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் அந்தப் பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேனில் ஏறிய பிள்ளைகளின் பட்டியலும் அப்படியே. எத்தனை பேர் வந்தார்கள், இன்னும் எத்தனை பேர் வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல அந்த நேரத்தில் வேறு யாராலும் முடியாது.

நான் ஒரு குழந்தைகள் மருத்துவமனை அவசரப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பேரிடர் திட்டம் என்று ஒரு தடித்த ஃபைல் இன்சார்ஜ் சிஸ்டர் அறையில் இருக்கிறது. இரவில் அந்த அறை பூட்டியிருக்கும். ஒத்திகை வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் பகலில். நைட் டியூட்டியில் நாங்கள் இரண்டே பேர். பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும், சிஸ்டர்?
— ஒரு நர்ஸ், திருநெல்வேலி

மகளே, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பூட்டிய அறை என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேயே நின்றுவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு மழை ராத்திரி, கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. வென்டிலேட்டரில் ஐந்து கிலோக் குழந்தை ஒன்று. டார்ச்சும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பையான ஆம்பு பேக்கில் குழந்தைகளுக்கானதும் அலமாரிக்குள்ளே. அலமாரிச் சாவி பகல் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போனவரின் கைப்பையில். கைக்குக் கிடைத்தது பெரியவர்களுக்கான ஆம்பு பேக். அதற்குள் ஒன்றரை லிட்டர் காற்று. அந்தக் குழந்தைக்கு ஒரு மூச்சுக்கு வேண்டியதோ 40 மில்லிக்குள். இரண்டு விரலால், நெஞ்சு லேசாக எழும்புகிற அளவுக்கு மட்டும், பக்கத்துக் கட்டில் அம்மா பிடித்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஆக்சிஜன் பக்கத்தில் மெழுகுவத்தி கூடவே கூடாது. அதுவும் தெரிந்துதான் தள்ளி நிற்கச் சொல்லிப் பிடிக்க வைத்தேன், வேறு வழி இல்லை. நாற்பது நிமிஷம். குழந்தை தாண்டிவிட்டது. மறுநாள் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த அலமாரிக்குப் பூட்டு எதற்கு? சாமான் காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்றார்கள். சரி, மாதாமாதம் நான் கணக்குக் கொடுக்கிறேன், எனக்குப் பூட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை அந்த அலமாரி பூட்டப்படவே இல்லை.

அதனால் நீ முதலில் அலமாரியில் இருந்து ஆரம்பி. எடைவாரியாகத் துணிப்பை தைத்துக்கொள். 3 முதல் 5 கிலோவுக்கு ஒரு நிறம், 6 முதல் 9-க்கு ஒன்று, 10 முதல் 14-க்கு ஒன்று, இப்படி. ஒவ்வொரு பையிலும் அந்த எடைக்கான மாஸ்க், மூச்சுக் குழாய், ரத்தக்குழாயில் போடும் வென்ஃப்ளான் ஊசி, அப்புறம் மருந்தளவு எழுதிய ஒரு அட்டை. அட்ரினலின் எத்தனை மில்லி, ட்ரிப்ஸ் முதலில் எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டே எழுதியிருக்க வேண்டும், டாக்டரிடம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி. பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்தால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்கிற அட்ரினலின் கணக்கை எடையால் பெருக்க யாருக்கும் தலை ஓடாது. புள்ளி ஒன்று தள்ளிப்போனால் பத்து மடங்கு மருந்து.

எடை பார்க்க நேரம் இருக்காது. குழந்தையின் நீளத்தை வைத்து எடை சொல்லும் நிறப்பட்டை நாடா, புரோஸ்லோ டேப் என்பார்கள், உங்கள் வார்டில் இருக்கலாம். நல்ல சாமான்தான். ஆனால் அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து செய்தது. கைக்குழந்தைக்குச் சரியாக இருக்கும். கொஞ்சம் வளர்ந்த, மெலிந்த நம் பிள்ளைகளுக்கு எடையைக் கூட்டிக் காட்டும். வயதோடு 4 கூட்டி 2-ஆல் பெருக்குவது பழைய கணக்கு: மூன்று வயது என்றால் 14 கிலோ. அதையும் பிள்ளையின் தோள், தொடையைப் பார்த்துக் குறைக்கத் தெரிய வேண்டும்.

பைகளை அடுக்கினதும் ஒரு வேலை செய். டியூட்டி ஏறினதும் கண்ணை மூடிக்கொண்டு அலமாரி முன்னால் நில். கூட இருக்கிற பெண்ணை "ஒன்றாம் நம்பர் மாஸ்க், மஞ்சள் வென்ஃப்ளான்" என்று சொல்லச் சொல். கை நேராக அதில் போய் விழ வேண்டும். என் ஜூனியர்கள் எல்லாரையும் இப்படிச் செய்ய வைத்தேன். ஆரம்பத்தில் வெட்கப்படுவார்கள், ஒரு வாரத்தில் போட்டி போடுவார்கள். மறந்துபோய் யாராவது சாமானை இடம் மாற்றி வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆக்சிஜன் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டு. பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். ஒரு பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். நாலு பிள்ளைகள் என்றால் நாற்பது நிமிஷத்துக்குக் கூட வராது. லைனில் ஆக்சிஜன் நின்றுபோனால் உன்னிடம் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தீ. இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 9 விடியற்காலை மகாராஷ்டிராவில் பண்டாரா மாவட்ட மருத்துவமனை, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் 17 குழந்தைகள். 10 போய்விட்டன, 7-ஐத்தான் வெளியே எடுக்க முடிந்தது. 2024 நவம்பர் 15 இரவு ஜான்சி மருத்துவக் கல்லூரியில் தீப்பிடித்த அன்றே 10 சிசுக்கள். இரண்டுமே ராத்திரியில் நடந்தவை. ஆக்சிஜன் ஊறிய துணியும் மெத்தையும் சாதாரணமாகப் பற்றுவது மாதிரி பற்றாது, நொடியில் பிடித்துக்கொள்ளும். புகைதான் முதலில் கொல்கிறது. உன் வார்டுக்கு இரண்டாவது கதவு எங்கே? அதன் முன்னால் பழைய கட்டில், உடைந்த வார்மர் என்று எதையாவது போட்டு வைத்திருக்கிறார்களா? சாவி யாரிடம்? ஆக்சிஜன் லைனை மூடும் வால்வு எந்தச் சுவரில், மூடச் சொல்வது யார்? இந்த நாலையும் இன்றைக்கு ராத்திரியே போய்ப் பார். மாடிப்படி இறங்குவது அப்புறம். முதலில் அதே மாடியில் அடுத்த வார்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவதுதான் வழி.

தூக்கிக்கொண்டு இறங்கவே வேண்டி வந்தால்? 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கில் அடித்தபோது, என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையில் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து மாற்று மின்சாரமும் போனது. ஒன்பதாவது மாடியில் பச்சிளம் குழந்தைகள் 20 பேர். நர்ஸ்கள் ஒவ்வொரு குழந்தையையும் நெஞ்சோடு அணைத்து, பக்கத்தில் ஆட்கள் டார்ச் பிடிக்க, சில குழந்தைகளுக்குக் கையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டே படி படியாக இறங்கினார்கள். இருபதும் பிழைத்தன. அங்கேயே ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றும் பம்பு கீழே இருந்ததுதான் வினை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் ஜெனரேட்டர் மூழ்கி ஐ.சி.யூ. நோயாளிகள் இறந்ததைப் பார்த்தோம். உங்கள் ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருந்தால் அதைக் கேட்டு எழுத்தில் கொடு. மாற்றுவது உன் கையில் இல்லை, கேட்பது உன் கையில் இருக்கிறது.

வார்மர் ஓடாத நேரத்தில் சிசுவுக்குச் சிறந்த சூடு அம்மாவின் நெஞ்சுதான். துணி நடுவில் இல்லாமல் தோலோடு தோலாக வைத்து, மேலே சேலையைச் சுற்றிக் கட்டிவிடு. கொலம்பியாவில் 1978-இல் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த முறை இது. கங்காரு பராமரிப்பு என்று நீயும் படித்திருப்பாய். பரீட்சைக்கு மட்டும் அல்ல, கரண்ட் போகும் ராத்திரிக்கும் அதுதான்.

ஃபைலைப் பற்றிக் கடைசியாக. இன்சார்ஜிடம் மரியாதையாகக் கேட்டு, யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது என்ற பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து டெலிபோன் பக்கத்தில் ஒட்டு. வாட்ஸ்அப் குரூப்பை நம்பாதே, டவர் விழுந்தால் அதுவும் போய்விடும். ராத்திரி ஒத்திகை ஒன்று, அரை மணி நேரம், உங்கள் வார்டுக்கு மட்டும் வைக்க அனுமதி கேள். மறுத்தால் திரும்பக் கேள். என்ன ஆச்சு என்று எனக்கு எழுது, நான் காத்திருப்பேன்.

சுனாமி வந்த நேரம் எங்கட ஊர் ஆஸ்பத்திரியில 'பேபி 81' என்று ஒரு பிள்ளை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இப்ப அப்படி ஒரு அனர்த்தம் வந்தால், தாய் தகப்பன் இல்லாமல் வாற பிள்ளையளை ஆஸ்பத்திரிகள் எப்படிப் பாதுகாக்கும்?
— ஒரு வாசகர், கல்முனை

மறக்கவே முடியாது, ஐயா. 2004 டிசம்பர் 26, அன்று உங்கள் ஊர் மருத்துவமனையில் சேர்ந்த 81-ஆவது ஆள் என்பதால் அந்தக் கைக்குழந்தைக்கு அப்படிப் பெயர். பெற்றவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால் அது தங்கள் பிள்ளை என்று காட்ட அவர்களிடம் ஒரு காகிதம்கூட மிஞ்சவில்லை. நீதிமன்றம் போய், டி.என்.ஏ. சோதனை முடிந்து, பிப்ரவரியில்தான் பிள்ளை அவர்கள் கைக்கு வந்தது. ஏழு வாரம்! பால் கட்டிய மார்போடு அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பார்.

அடுத்த வருஷமே அமெரிக்காவில் கத்ரீனா புயல். 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் குடும்பத்தை விட்டுப் பிரிந்ததாகப் புகார். கடைசிப் பிள்ளையைச் சேர்த்து வைக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. காசு, கம்ப்யூட்டர் எல்லாம் இருந்த நாட்டிலேயே அப்படி.

நல்ல அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒரு ஆள் ஒதுக்கியிருப்பார்கள். வைத்தியம் பார்ப்பது அவர் வேலை அல்ல. பிள்ளை வந்ததும் கையில் நம்பர் பட்டி, உடுப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு படம், முகம் துடைத்த பிறகு ஒரு படம். எங்கிருந்து, யார் தூக்கி வந்தார்கள், என்ன உடுப்பு, கையில் கறுப்புக் கயிறா, இடுப்பில் வெள்ளி அரைஞாணா, எங்கே மச்சம். உடுப்பைக் குப்பையில் போடாமல் பையில் கட்டி அதே நம்பர் எழுத வேண்டும். ஒரு சட்டைப் பொத்தானை வைத்து அடையாளம் கண்ட பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் காயம் இல்லாத பிள்ளைகளுக்கு வார்டுக்குத் தள்ளி ஒரு தனி அறை, தெரிந்த ஊழியர் மட்டும் உள்ளே. "நான் மாமா" என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரிடமும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. பிள்ளை ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாலும், பெயரும் படமும் கையெழுத்தும் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். ஊருக்குப் பொல்லாதவர்களாகத் தெரிவோம், பரவாயில்லை.

எங்கள் பையனுக்கு ஆஸ்துமா. வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. தானே புயலின்போது பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம், அப்போது அவன் பிறக்கவில்லை. இப்போது நினைத்தால் தூக்கம் வரவில்லை.
— ஒரு தாய், கடலூர்

2011 டிசம்பர் 30-ஐக் கடலூரில் யார் மறப்பார்கள்? பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அம்மா, உங்களுக்குக் கரண்ட் வேண்டாத வழி இருக்கிறது. கையில் பிடிக்கும் இன்ஹேலர், அதோடு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழல். சின்னப் பிள்ளை என்றால் முகத்தில் வைக்க மாஸ்க். சரியாகப் போட்டால் சாதாரண இளைப்புக்கு நெபுலைசருக்கு இது சளைத்தது இல்லை. இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் காட்டி, எத்தனை பஃப், எத்தனை நிமிஷ இடைவெளி, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். டாக்டர் முன்னாலேயே நீங்கள் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். மருந்து இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பேச முடியாமல் திணறினால், விலா இடுக்கு உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. புயல் கரை கடக்கும் நாளில் 108 வரத் தாமதமாகலாம். அவனுக்கு முந்தின நாளே இளைப்பு லேசாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பட்டாசு தீக்காயத்துக்கு டூத் பேஸ்ட் தடவலாமா?
— ஒரு வாசகர், சிவகாசி

கூடாது. மாவு, மை, மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதுவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம். காயத்தை மட்டும் குளிர வையுங்கள், பிள்ளையின் மற்ற உடம்பைப் போர்த்தி விடுங்கள், சின்ன உடம்பு சீக்கிரம் ஜில்லிட்டுவிடும். அப்புறம் சுத்தமான துணி மூடி ஆஸ்பத்திரி. முகம், கை, பிறப்புறுப்பு என்றால் காயம் சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் பேரனின் எடையைக் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு முக்கியமா?
— ஒரு பாட்டி, மதுரை

ரொம்ப முக்கியம், அம்மா. காய்ச்சல் மருந்துகூடக் கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம் என்றுதான் கொடுக்கிறோம். மேலே நர்ஸ் பெண்ணுக்கு நான் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அவள் கண்ணால் குத்துமதிப்பாகப் போடுகிற எடையை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டால் அவள் வேலை எவ்வளவு லேசாகும். மாதத்தின் முதல் தேதி பேரனைப் பக்கத்து மருந்துக்கடை எடை மிஷினில் ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும், அவன் அம்மா போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி அவனுடைய பள்ளிக்கூடப் பையின் உள் அறையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிடுங்கள்.